பட்டிப்பூவும் எசியாக் குடிநீரும்: புற்றுநோய் மூலிகைகளின் இரு வரலாறுகள்

புற்றுநோய் என்ற சொல்லை எம்மவர் வீடுகளில் இன்றும் உரத்துச் சொல்வதில்லை. 'கூடாத வருத்தம்' என்று தணிந்த குரலிற் சொல்லி முடித்துவிடுகின்றோம். ஆயினும் செய்தி எப்படியோ பரவிவிடுகின்றது. பரவிய சில நாட்களிலேயே மருந்துகளும் வந்து சேரத் தொடங்குகின்றன. ஒருவர் ஊரிலிருந்து வந்த வேர்ப்பொட்டலத்தைக் கொண்டுவருவார். மற்றொருவர் கடையில் விற்கும் மூலிகைத் தேநீரின் பெயரை எழுதித் தருவார். 'இதைக் குடித்து இன்னார் முற்றாகச் சுகமானார். ஊசியும் கதிரும் உடம்பைக் கெடுக்கும்' என்று தொலைபேசியிற் சொல்பவர்களும் உளர்.

அன்பினாற் சொல்லப்படும் இவ்வார்த்தைகளை ஏளனஞ் செய்வது எமது நோக்கமன்று. அந்நிய நாட்டில், மொழி முழுதும் விளங்காத மருத்துவமனை ஒன்றில், அஞ்சி நிற்கும் குடும்பத்திற்கு அறிந்த மூலிகையின் வாசனை ஓர் ஆறுதலே. ஆயினும் ஆறுதல் வேறு, வைத்தியம் வேறு. மூலிகையாற் புற்றுநோய் மாறுமா என்ற வினாவுக்கு 'மாறும்' என்பதும் பாதி விடை. 'மாறாது' என்பதும் பாதி விடையே. முழு விடையை அறிய விரும்புவோர் வரலாற்றைப் பார்க்க வேண்டும். எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலேயே இதற்கு இரு வரலாறுகள் உள்ளன. இரண்டும் மூலிகை பற்றியவை. இரண்டும் வாய்வழிச் செய்தியாகவே தொடங்கியவை. ஒன்று இன்று உலகெங்கும் உயிர்காக்கும் மருந்தாக விளங்குகின்றது. மற்றையது ஒரு நூற்றாண்டு கடந்தும் வெறும் நம்பிக்கையாகவே நிற்கின்றது.

பிரேஸ்பிறிட்ஜ் நகரத்துத் தாதி

றெனே கேஸ் என்னும் அம்மையார் 1888 ஆம் ஆண்டு ஒன்ராறியோவின் பிரேஸ்பிறிட்ஜ் நகரிற் பிறந்தவர். தாதியாகப் பணிபுரிந்தவர். 1922 ஆம் ஆண்டில், மாகாணத்தின் வட பகுதி மருத்துவமனை ஒன்றில், மார்பகத்தில் வடுவுடைய மூதாட்டி ஒருவரை அவர் கண்டார். தமக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர் மார்பகப் புற்றுநோய் ஏற்பட்டதென்றும், கனடாவின் முதற்குடி மக்களைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் கொடுத்த மூலிகைக் குடிநீரால் அது மாறியதென்றும் அம்மூதாட்டி கூறினார். அந்தக் குடிநீரின் விபரத்தைக் கேஸ் அம்மையார் குறித்துக்கொண்டார். பின்னர் அதற்குத் தமது பெயரையே சூட்டினார். கேஸ் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்களைத் திருப்பி எழுதினால் வருவதே 'எசியாக்' என்பதாகும். பேர்டொக் வேர், புளிப்புச் சுவையுள்ள ஒருவகைக் கீரை, எல்ம் மரத்தின் உட்பட்டை, ருபார்ப் வேர் என்னும் நான்குமே அதன் முக்கிய சரக்குகளாகப் பின்னாளில் அறியப்பட்டன.

அக்காலத்திற் புற்றுநோய்க்கு இருந்த முக்கிய வைத்தியம் சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையுமே. அவற்றாலும் கைவிடப்பட்டவர்கள் கேஸ் அம்மையாரை நாடினர். அவர் கட்டாயக் கட்டணம் எதுவும் அறவிடவில்லை. கொடுப்பவர் கொடுத்ததையே பெற்றுக்கொண்டார். 1935 இல் பிரேஸ்பிறிட்ஜ் நகரசபை, பழைய விடுதிக் கட்டடம் ஒன்றை மாதம் ஒரு டொலர் வாடகைக்கு அவருக்கு அளித்தது. 1938 இல் அவரைச் சுதந்திரமாக வைத்தியஞ் செய்ய அனுமதிக்குமாறு 55,000 பேர் கையொப்பமிட்ட மனு ஒன்று ஒன்ராறியோ சட்டமன்றத்திற்குச் சென்றது. அதற்கான சட்டமூலம் மூன்றே வாக்குகளாற் தோல்வியுற்றது. இவர் பணத்துக்காக மக்களை ஏமாற்றியவர் அல்லர் என்பதையும், மக்கள் அவரை மனமார நம்பினர் என்பதையும் நாம் இங்கு மறைக்க வேண்டியதில்லை.

1939 இல் மாகாண அரசு நியமித்த ஆணைக்குழு இவரது வைத்தியத்தை விசாரித்தது. சுகமடைந்ததாகக் கூறிய நோயாளிகள் பலர் நேரில் வந்து சாட்சியமளித்தனர். ஆணைக்குழு அவர்களின் மருத்துவப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது வேறொரு சித்திரம் தெரிந்தது. சிலருக்குப் புற்றுநோய் இருந்ததென்பதே நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை. வேறு சிலர் குடிநீருக்கு முன்னரே சத்திரசிகிச்சையோ கதிர்ச் சிகிச்சையோ பெற்றவர்கள். எசியாக்கினாற் புற்றுநோய் மாறியது என்பதற்குப் போதிய சான்று இல்லையென ஆணைக்குழு முடிவு கூறியது. மருந்தின் செய்முறையை வெளியிடவும் கேஸ் அம்மையார் உடன்படவில்லை. 1942 இல் அவரது வைத்தியநிலையம் மூடப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. 1977 இல் ரொறன்ரோவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றிடம் அவர் செய்முறையைக் கையளித்தார். மறு ஆண்டு தமது தொண்ணூறாவது வயதிற் காலமானார். அந்த நிறுவனம் ஆய்வு செய்வதற்குக் கனடா அரசின் சுகாதாரத் திணைக்களம் அனுமதி அளித்தது. ஆய்வு ஒழுங்காக நடைபெறாமையால் 1982 இல் அவ்வனுமதி மீளப்பெறப்பட்டது. ஆயினும் எசியாக் அருந்திய 86 நோயாளிகள் பற்றி மருத்துவர்கள் அனுப்பிய அறிக்கைகளைத் திணைக்களம் ஆராய்ந்தது. அவர்களுள் 47 பேருக்கு எவ்விதப் பயனும் கிட்டவில்லை. 17 பேர் இறந்துவிட்டனர். மிகச் சிலரிடமே ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. அதற்கும் எசியாக்தான் காரணமென உறுதியாகச் சொல்ல இயலவில்லை. 2006 இல் வெளியான ஆய்வொன்று, சோதனைக் குழாயில் வளர்க்கப்பட்ட மனித மார்பகப் புற்றுநோய்க் கலங்கள் இக்குடிநீரினால் மேலும் பெருகியதைக் காட்டியது. குழாயிற் கண்டது உடலிலும் நிகழும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'இயற்கையானது, தீங்கு செய்யாது' என்ற பேச்சுக்கு அது நல்லதோர் எச்சரிக்கை.

கடித உறையில் வந்த இருபத்தைந்து இலைகள்

இரண்டாவது வரலாறு 1952 இல் தொடங்குகின்றது. ரொறன்ரோவில் வாழ்ந்த மருத்துவர் கிளார்க் நோபிள் என்பவருக்கு யமைக்காத் தீவிலிருந்து ஒரு கடித உறை வந்தது. அதனுள் 25 இலைகள் இருந்தன. இன்சுலின் கிடைக்காத வேளைகளில் இந்த இலையை அவித்துக் குடித்துச் சலரோகத்தைத் தணிப்பது அங்குள்ள மக்களின் வழக்கம் என்ற செய்தியும் உடன் வந்தது. கிளார்க் நோபிள் அந்த இலைகளைத் தமது சகோதரர் றொபேட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார். அவர் ஒன்ராறியோவின் இலண்டன் நகரில், மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர்.

அந்த இலை எமக்கு அந்நியமானதன்று. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்டு, வெப்பமண்டல நாடுகளெங்கும் பரவிய செடி அது. எமது ஊர்களில் கோயில் வீதியிலும், வேலியோரத்திலும், எவரும் நீரூற்றாமலே வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து நிற்கும் பட்டிப்பூச் செடியே அது. தமிழ்நாட்டார் அதனை நித்தியகல்யாணி என்பர்.

றொபேட் நோபிள் இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். குருதியிற் சீனியின் அளவு மாறவில்லை. எந்த நோய்க்கு மருந்தென்று செய்தி வந்ததோ, அந்த நோயைப் பொறுத்தவரை இலை தோற்றுவிட்டது. அவர் சாற்றை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தபோது எலிகள் சில நாட்களிற் கிருமித் தொற்றினால் இறந்தன. இவை ஏன் இறந்தன என்று அவர் தேடினார். எலிகளின் குருதியில் வெண்குழியங்கள் பெருமளவு குறைந்திருந்தன. தொற்றை எதிர்க்கும் சக்தி அற்றமையாலேயே அவை மாண்டன. வெண்குழியங்களைக் குறைக்கும் பொருள் ஒன்று இந்த இலையில் இருக்குமானால், வெண்குழியங்கள் கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு அது உதவலாம் அல்லவா?

1954 இல் சாள்ஸ் பியர் என்னும் இரசாயனவியலாளர் அவருடன் சேர்ந்தார். பெருந்தொகையான இலையிலிருந்து மிகச் சிறிதளவே கிடைக்கும் அப்பொருளை அவர்கள் பிரித்தெடுத்து 1958 இல் உலகுக்கு அறிவித்தனர். வின்பிளாஸ்ரின் என்பது அதன் பெயர். அதே காலத்தில் அமெரிக்காவின் இலைலில்லி நிறுவனத்தினரும் அதே செடியை, அதே சலரோகக் கதையைக் கேட்டு, தனியாக ஆராய்ந்துகொண்டிருந்தனர். அச்செடியின் மற்றொரு பொருளான வின்கிரிஸ்ரின் அவர்களாற் கண்டெடுக்கப்பட்டு, 1963 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

1940 களில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில மாதங்களில் இறந்துவிடும் என்பதே உலக நியதியாக இருந்தது. இன்று வசதிபடைத்த நாடுகளில் மிகப் பொதுவான வகை இரத்தப் புற்றுநோய் காணும் குழந்தைகளில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். பல மருந்துகள் கூடிச் செய்த இச்சாதனையில் வின்கிரிஸ்ரினுக்குத் தலையாய பங்குண்டு. எமது வேலியோரத்துப் பூவின் சத்து, நாம் அஞ்சும் அந்த 'ஊசி மருந்தி'னுள்ளேதான் இருக்கின்றது என்பதை எம்மவர் பலர் அறியார்.

வேறுபாடு எங்கே உள்ளது?

இரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். முதற்குடி மக்களின் மூலிகை, யமைக்கா மக்களின் மூலிகை என இரண்டும் எளிய மக்களின் அறிவிலிருந்து வந்தவையே. 'மேல்நாட்டு வைத்தியம் மூலிகையை மதிப்பதில்லை' என்பது உண்மையாயின் பட்டிப்பூ மருந்தாகியிருக்காது. மேல்நாட்டாருக்கு முன்னரே ஏழை மக்கள் அதனைக் கையாண்டனர் என்பதும், விளைந்த இலாபத்தில் அவர்களுக்கு உரிய பங்கு கிட்டவில்லை என்பதும் வேறொரு வழக்கு. அதில் நியாயம் அவர்கள் பக்கமே உள்ளது.

ஒன்றை மருந்தாக்கியதும் மற்றதை நம்பிக்கையாகவே நிறுத்தியதும் எண்ணிக்கைதான். நோபிளும் பியரும் எத்தனை எலிகள் இறந்தன என்று எண்ணினர். ஏன் இறந்தன என்று கேட்டனர். 'சலரோகத்துக்கு நல்லது' என்ற முதற் செய்தி பிழைத்தபோது அதனை விட்டுவிட அவர்கள் தயங்கவில்லை. பிரேஸ்பிறிட்ஜில் பிழைத்தவர்களின் குரல் மாத்திரமே கேட்டது. குடிநீரைக் குடித்தும் இறந்தவர்கள் ஆணைக்குழுவின் முன் வந்து சாட்சி சொல்ல முடியாதல்லவா? 'இதைக் குடித்து ஒருவர் சுகமானார்' என்று கேள்விப்படும்போது, குடித்தவர் எத்தனை பேர், அவர்களுள் இறந்தவர் எத்தனை பேர் என்று நாமும் கேட்க வேண்டும். அந்த இரு எண்களும் இல்லாத இடத்தில், சொல்பவர் எவ்வளவு நல்லவராயினும், அது மருந்தாகாது.

இந்த எண்ணிக்கையை ஒழுங்காகச் செய்தால் என்ன நேரும் என்பதற்கு 'லேற்றில்' சிறந்த உதாரணம். அப்பிரிக்கொட் பழவிதையிலுள்ள பொருளிலிருந்து பெறப்பட்ட இதனை 'விற்றமின் பி17' என்று விற்றனர். அது விற்றமினே அன்று. 1970 களில் அமெரிக்காவின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதனை அனுமதித்தன. பிரபல நடிகர் ஸ்ரீவ் மக்குயீன் மெக்சிக்கோ சென்று இம்மருந்தையும் பெற்றார். 1980 நவம்பரில் இறந்தார். மக்களின் வற்புறுத்தலுக்கிணங்க, மேயோ மருத்துவமனையின் தலைமையில் 178 நோயாளிகளுக்கு இது கொடுத்துப் பார்க்கப்பட்டது. 1982 இல் முடிவு வெளியாகியது. ஒருவர்கூடக் குணமடையவில்லை, நோய் நிற்கவுமில்லை. சிலரின் குருதியிற் சயனைட் நஞ்சு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது. அவ்விதைகள் இன்றும் விற்பனையாகின்றன.

எமது மண்ணும் இதில் விலக்கன்று

தமிழர் வைத்தியத்தைப் பழிப்பதற்காகவா இதை எழுதுகின்றோம் என்று சிலர் வினவக்கூடும். அன்று. பரியாரியார் பலரின் கைராசியால் எமது முன்னோர் நலம் பெற்றனர். எமது அறிஞர்களும் இத்துறையிற் பங்காற்றியுள்ளனர். சீன மரம் ஒன்றிலிருந்து 1966 இல் அமெரிக்காவிற் கண்டறியப்பட்ட கம்ப்ரோதெசின் என்னும் பொருள், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வேறொரு மரத்திலும் உண்டென்பதை 1972 இல் வெளியிட்டவர்கள் கோவிந்தாச்சாரி, விஸ்வநாதன் என்னும் இருவராவர். கோவிந்தாச்சாரி சென்னையிற் பிறந்து, அங்குள்ள மாநிலக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கியவர். கம்ப்ரோதெசினை அப்படியே கொடுத்துப் பார்த்தபோது அது நோயாளரைக் கடுமையாக வருத்தியது. வேதியியல் முறையில் மாற்றியமைத்த பின்னரே, 1990 களில், குடற் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் உதவும் மருந்துகளாக அது வெளிவந்தது.

சரியான மூலிகை என்றாலும் அது இலையாக, வேராக, பட்டையாக இருக்கும்போது மருந்தன்று. பட்டிப்பூ இலையை வீட்டில் அவித்துக் குடிப்பவர் வின்கிரிஸ்ரினைப் பெறமாட்டார். அளவு தெரியாத நஞ்சையே பெறுவார். தூய்மையாக்கப்பட்ட வின்கிரிஸ்ரின்கூட, நாளத்தில் ஏற்றாமல் தவறி முதுகுத்தண்டில் ஏற்றப்பட்டால் உயிரைப் பறிக்கும். அத்துணைக் கூரிய ஆயுதம் அது.

தாமதத்தின் விலை

மூலிகைக் குடிநீர் நேரே கொல்வது அரிது. அது நேரத்தைத் திருடுகின்றது என்பதே பெருந்தீங்கு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்று, வேறிடங்களுக்குப் பரவாத நிலையிலுள்ள புற்றுநோய்க்கு வழமையான சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியத்தை மாத்திரம் நாடிய 281 பேரை, வழமையான சிகிச்சை பெற்ற 560 பேருடன் ஒப்பிட்டது. முதற் பிரிவினர் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்கையும் தாண்டியது. இவர்கள் நோய் முற்றிக் கைவிடப்பட்டவர்கள் அல்லர். சிகிச்சையாற் பிழைத்திருக்கக்கூடியவர்கள் பலர் அவர்களுள் இருந்தனர்.

சிகிச்சையுடன் சேர்த்து மூலிகை அருந்துவோரும் கவனமாயிருத்தல் வேண்டும். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் எம்மவர் மனச்சோர்வுக்கென்று வாங்கும் 'ஜொஹானிஸ்கிறவுட்' என்னும் மூலிகையை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன கம்ப்ரோதெசின் வழிவந்த மருந்தொன்றைப் பெற்ற நோயாளரிடம், அம்மருந்தின் செயற்படும் பகுதியை இந்த மூலிகை நூற்றுக்கு 42 வீதத்தாற் குறைத்துவிட்டதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2002 இற் கண்டறிந்தனர். உடலுக்குள் மருந்தைச் சிதைக்கும் வேலையை அம்மூலிகை விரைவுபடுத்தியமையே காரணம். நோயாளருக்கோ குடும்பத்தாருக்கோ அது வெளியே தெரியாது.

குடும்பங்கள் மனங்கொள்ள வேண்டியவை

முதலாவதாக, அருந்தும் மூலிகை எதுவாயினும் அதனை மருத்துவருக்குச் சொல்லுங்கள். பொட்டலத்தையோ புட்டியையோ கையிற் கொண்டுசென்று காட்டுவது இன்னும் நல்லது. ஏசுவார்கள் என்று மறைக்க வேண்டாம். மறைத்தால் தீங்கு நோயாளருக்கே.

இரண்டாவதாக, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். நாம் புகலிடம் பெற்ற நாடுகள் பலவற்றில் மருத்துவமனைகள் இதற்கு ஒழுங்கு செய்கின்றன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் வாயால் தாயின் புற்றுநோயைச் சொல்லவைப்பது அப்பிள்ளைக்கும் தாயாருக்கும் செய்யும் கொடுமை. விளக்கம் சரியாகக் கிடைத்தால் அச்சம் பாதி குறையும்.

மூன்றாவதாக, விற்பவர் ஒருவர் 'வைத்தியத்தை நிறுத்திவிட்டு இதைக் குடியுங்கள்' என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தையே அவரை விட்டு விலகப் போதுமான காரணம். எல்லாப் புற்றுநோயையும் ஒரே குடிநீர் மாற்றும் என்பவரையும் நம்ப வேண்டாம். புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. நூற்றுக்கு மேற்பட்ட நோய்களின் பொதுப்பெயர் அது.

நான்காவதாக, சிகிச்சையால் வரும் வாந்தி, நோவு, பசியின்மை ஆகியவற்றைத் தாங்கிக்கொண்டு மௌனமாயிருக்க வேண்டாம். அவற்றுக்கு மருந்துண்டு, கேட்டாற் தருவார்கள். எம்மவர் பலர் சிகிச்சையைக் கைவிட்டுக் குடிநீரை நாடுவது நோயின் கொடுமையால் அன்று. கேட்கத் தயங்கிய இத்துன்பங்களினாலேயே.

மருத்துவம் இனிக் குணப்படுத்த இயலாது என்று சொல்லும் கட்டமும் சிலருக்கு வரும். அப்பொழுது அம்மா விரும்பிக் கேட்கும் கொத்தமல்லிக் குடிநீரைக் கொடுப்பதா என்று மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். அது பாசத்தின் வேலை. அதனைச் செய்ய எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. சிகிச்சையாற் பிழைக்கக்கூடியவருக்கு அக்குடிநீரையே வைத்தியமென்று கொடுப்பதே தவறு.

பட்டிப்பூ எமது வேலியோரத்தில் எவர் கண்ணிலும் படாமற் பூத்தது. அதனுள்ளிருந்த மருந்தை வெளியே கொணர்ந்தது பொறுமையான சோதனை. அச்சோதனையில் தேறிய மருந்து நீங்கள் வாழும் நாட்டின் மருத்துவமனையிலேயே இருக்கின்றது. வைத்தியம் தொடங்கும் நாளைப் பொட்டலமொன்றுக்காகப் பின்போட வேண்டாம்.